கைப்பேசியில் ஒரு மழைப் பட்டியல்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை 8.30 தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. நம்ம நாங்குநேரிக்குப் பக்கத்திலிருக்கும் மூலைக்கரைப்பட்டியில் 62, மாஞ்சோலையில் 55. என் மோட்டார் ரூம் ஓடைக்கரையில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. மோட்டாரும் போச்சு, காருக்கென்று அங்கே கட்டி வைத்திருந்த பூங்கார் விதைநெல் மூணு மூட்டையும் ஊறி முளைத்துப் போச்சு. மோட்டார் காசு கொடுத்தால் கிடைக்கும். அந்த விதையைத் திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் ஆனது.

வருத்தம் என்னவென்றால், அன்று மத்தியானம் நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். ட்விட்டரில் கிரிக்கெட்டும் அரசியல் சண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு வந்து, டவர் வந்தபிறகு பின்னோக்கித் தள்ளிப் பார்க்கிறேன்: நான் பின்தொடரும் கணக்குகளிலேயே மழையைப் பற்றி வரிசையாக எழுதியிருந்தார்கள். மூட்டையைத் தூக்கி வீட்டில் போட அரை மணி நேரம் போதும். தப்பு என்னுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்தவனுக்கு இதை எங்கே, எப்படிப் பார்க்கணும்னு தெரியவில்லை. அதற்குப்பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

2006இல் தொடங்கிய ட்விட்டர், 2023 ஜூலையிலிருந்து எக்ஸ். எனக்கு வாயில் ட்விட்டர் என்றுதான் வருகிறது. திறந்ததும் மேலே ரெண்டு தலைப்பு இருக்கும். 'ஃபார் யூ' என்பதில் நமக்குப் பிடிக்கும் என்று அது நினைப்பதையெல்லாம் காட்டும். 'ஃபாலோயிங்' என்பதைத் தொட்டால்தான் நாம் தேர்ந்தெடுத்தவர்கள் எழுதியது வரும். முதல் வேலை, இந்த ரெண்டாவதைத் தொடப் பழகுவது.

அதைவிடப் பயனுள்ளது 'லிஸ்ட்'. நமக்கு வேண்டிய கணக்குகளை மட்டும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு, அதை முகப்பில் பின் குத்தி வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் கண்ணில் படாதபடியும் வைக்கலாம். என் பட்டியலின் பெயர் 'மழை'. சென்னை வானிலை ஆய்வு மையம், தமிழ்நாடு வெதர்மேன் என்று எழுதும் பிரதீப் ஜான், மாவட்ட நிர்வாகம், இன்னும் ரெண்டு மூணு மழை ஆர்வலர்கள். பத்துக்கு மேல் போகவேண்டாம். ஐம்பது பேரைச் சேர்த்தால் அது திரும்பவும் சந்தைக்கடை ஆகிவிடும். இதில் எந்தக் கணக்கை உடனே பார்க்கணுமோ, அதைப் பின்தொடர்ந்துவிட்டு அதன் பக்கத்தில் உள்ள மணி அடையாளத்தைத் தொடுங்கள். அவர்கள் எழுதியதும் போன் சத்தம் கொடுக்கும். நான் மணி வைத்திருப்பது ரெண்டே ரெண்டுக்குத்தான்.

எழுதியிருப்பதைப் படிக்கவும் கொஞ்சம் கணக்குத் தெரியணும். வானிலைத் துறை 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.க்கு மேல். 'மிகக் கனமழை' என்றால் 11.5க்கு மேல். 'அதி கனமழை' என்றால் 20.4க்கு மேல். எவ்வளவு மேல் என்று அந்தச் சொல் சொல்லாது. 21உம் அதி கனமழைதான், காயல்பட்டினத்தின் 95உம் அதி கனமழைதான். இன்னொன்று, மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. 18ஆம் தேதி மழை என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்ததாக இருக்கும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்ற முழுக்கொள்ளளவு மனசில் இருந்தால், அணை மட்டம் போட்டதும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று புரியும். மணிமுத்தாற்றுக் கால்வாயை நம்பியிருக்கும் நம்ம குளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது தேடுவது. தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. 'வாழை' என்று தேடினால் 'வாழைக்கு', 'வாழையில்' என்று எழுதியவை விட்டுப்போகும். நம் மொழியில் சொல்லோடு வேற்றுமை ஒட்டிக்கொள்கிறது, அதற்கு அது வேறு சொல். ஆகவே மூன்றையும் எழுதி, நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஓ, ஆர் என்று போடவேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் வேலை செய்யாது. ரெண்டு சொல் சேர்ந்தே வரவேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 'மாப்பிள்ளைச் சம்பா' என்று குறியில்லாமல் தேடினால் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். 'ச்' போடாமலும் ஒருமுறை தேடுங்கள், பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரே கணக்கில் எழுதியதை மட்டும் தேட, எஃப், ஆர், ஓ, எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்தக் கணக்கின் பெயரைச் சேர்க்கவேண்டும். 'சின்ஸ்', 'அன்டில்' என்ற ஆங்கிலச் சொற்களையும் இதேபோல் முக்காற்புள்ளியோடு எழுதி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி கொடுத்தால் அந்த நாட்களில் எழுதியது மட்டும் வரும். 'அன்டில்' தேதி கணக்கில் சேராது, ஒரு நாள் தள்ளிப் போடணும். நம்மாழ்வார் ஐயா மறைந்தது 2013 டிசம்பர் 30. அந்தத் தேதியிலிருந்து மூன்று நாளைக்குத் தேடிப் பாருங்கள். நான் ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன்.

எழுதுகிறவர்களுக்கு இடம் ஒரு பிரச்சினை. முதலில் 140 எழுத்து, 2017 நவம்பரிலிருந்து 280. ஆனால் நம் எழுத்தை அது எண்ணும் விதம் வேறு. 'விதைநெல்' நமக்கு நாலு எழுத்து. அதற்கு எட்டு. வ ஒன்று, அதன் கொக்கி ஒன்று, ல ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று எண்ணும். ஆகவே 280 என்பது நமக்கு ஏறக்குறைய முப்பது சொல்தான். இணைப்பு எதுவானாலும், எவ்வளவு நீளமானாலும், 23 எழுத்து. எனவே "இயற்கை உழவர் நண்பர்களுக்கு என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்தால் இடம் காலி. ஊர், பயிர், ரகம், அளவு, நாள். இதை முதலில் எழுதுங்கள். மீதியை கூட்டல் குறியைத் தொட்டுத் தொடர்ச்சியாகப் போடலாம். காசு கட்டாத கணக்கில் போட்டபின் திருத்த முடியாது, அழித்துவிட்டுத் திரும்பத்தான் போடணும். தட்டச்சு கஷ்டமென்றால் ஜிபோர்டில் தமிழ் மைக் இருக்கிறது, பேசினால் எழுதும். நம்ம ஊர்ப் பேச்சை அது என்னமோ ஆக்கும், ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

நீல டிக்கை நம்பவேண்டாம். இப்போது காசு கட்டினால் அது கிடைக்கும். அரசுக் கணக்குக்குச் சாம்பல் நிற டிக். வெள்ளத்துக்கு மறுவாரம் ஒரு உடைந்த கரையின் படத்தை நானும் பகிர்ந்தேன். பக்கத்து வயல்காரர் பதறிப்போய் வந்தார்.

"அண்ணாச்சி, எந்தக் குளம் இது? நம்ம குளமா?"

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் வேறு மாநிலம், பழைய படம். அன்றிலிருந்து லென்ஸில் பார்க்காமல் எந்தப் படத்தையும் பகிர்வதில்லை. 'ஒரே வாரத்தில் வாடல் நோய் போகும்' வகைப் பதிவுகளையும் அப்படித்தான். எந்த ஊர், எத்தனை ஏக்கர், எந்த மாதம் என்று கேட்டுப் பாருங்கள், பாதி ஆட்கள் பதில் சொல்வதில்லை.

சேர்த்து வைத்த அனுபவத்தை அதிலேயே விட்டுவைக்கவும் கூடாது. டெல்லி எல்லையில் உழவர் போராட்டம் நடந்தபோது, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி, அரசு கேட்டதன்பேரில் கிசான் ஏக்தா மோர்ச்சா உள்ளிட்ட பல கணக்குகள் இந்தியாவில் தெரியாதபடி நிறுத்தப்பட்டன. அன்றே திரும்ப வந்தன என்பது வேறு விஷயம். செட்டிங்ஸில் 'உங்கள் கணக்கு' பகுதியில் எழுதியதையெல்லாம் மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. கேட்டால் தயாராக ஒருநாள், ரெண்டுநாள் ஆகும். நான் வருஷத்துக்கு ஒருமுறை, பிசானம் அறுத்த கையோடு இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வயல்காரரிடம் பட்டன் போன்தான். ஐப்பசி பிறந்தால் தினமும் சாயங்காலம் வரப்பில் நின்று, "அண்ணாச்சி, லிஸ்ட்ல என்ன போட்டிருக்கான்?" என்று சத்தம் கொடுப்பார். அவருடைய மோட்டாரும் ஓடைக்கரையில்தான் இருக்கிறது.