முதியோருக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை: ஒப்புதல் யாருடையது?

புது தில்லி: மின் அதிர்ச்சி சிகிச்சை குறித்து 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கண்டிப்பாகவே பேசுகிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதை 95-வது பிரிவு தடை செய்கிறது. சிறார்களுக்கு என்றால் பாதுகாவலரின் ஒப்புதலுடன் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய 2001-ம் ஆண்டிலேயே, மயக்க மருந்தின்றி 'ஷாக்' கொடுப்பதற்கு எதிரான மனுவும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதை நினைவில் கொண்டால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும்.

ஆனால் முதியோரைப் பற்றி இப்பிரிவில் தனியாக ஒரு சொல்லும் இல்லை.

அறுபது வயதைக் கடந்த பிறகு முதன்முறையாக மனச்சிதைவு தோன்றுவதுண்டு. பக்கத்து வீட்டார் சுவர் வழியே விஷப்புகை விடுகின்றனர், நகைகளை யாரோ திருடுகின்றனர் என்று உறுதியாக நம்புவார்கள். வயதானால் இப்படித்தான் என்று குடும்பத்தார் விட்டுவிடுகின்றனர். மருந்துகள் பலன் தரும். ஆயினும் முதிய உடலில் நடுக்கம், தள்ளாட்டம், கீழே விழுதல் ஆகிய பக்கவிளைவுகள் அதிகம். மருந்து பயனளிக்காதபோதும், உடல் அதைத் தாங்காதபோதும் மருத்துவர்கள் சிலருக்கு மின் அதிர்ச்சி சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

சிக்கல் குணமடைந்த பிறகே தொடங்குகிறது. நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். எனவே வாரம் ஒருமுறை, பின்னர் இரு வாரங்களுக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை என இடைவெளியைக் கூட்டித் தொடர்கின்றனர். முதியோரின் மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதில் இம்முறை பயனளிப்பதாக 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. முதுமையில் தோன்றும் மனச்சிதைவுக்கோ, பெரும்பாலும் சிறு ஆய்வுகளும் தனி நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளுமே ஆதாரம். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, இதயப் பரிசோதனை, நினைவாற்றல் குறித்த கவலை. மயக்க மருந்து நிபுணர் உள்ள மருத்துவமனைக்கு முதியவரை மாதந்தோறும் அழைத்துச் செல்வது எளிதன்று.

இதனினும் கடினமானது ஒப்புதல். தெளிந்த மனத்துடன் இருப்பவர், "நான் நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு?" என்று கேட்டால் மருத்துவர் கட்டாயப்படுத்த இயலாது. மகனின் கையொப்பமும் அதற்கு ஈடாகாது.

இதற்கு 5-வது பிரிவில் ஒரு வழி உண்டு. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தமக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியையும் நியமிக்கலாம். அவசர சிகிச்சைக்கு அந்த ஆவணம் பொருந்தாது. எனினும் மின் அதிர்ச்சியை அவசர சிகிச்சையாக அளிக்க 94-வது பிரிவு இடம் தரவில்லை. ஆகவே 'வேண்டாம்' என எழுதி வைத்தவரிடம் அவசரம் என்ற காரணம் செல்லாது. மாற்ற விரும்பும் உறவினரோ மருத்துவரோ வாரியத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

1987-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த உரிமை இல்லை.