பிரதமரைத் தலைகீழாக நிற்க வைத்தவர்!
முழங்கால் வலி தந்த பாடம்

கடற்கரை மணலில் ஒரு 70 வயது கிழவர் தலைகீழாக நிற்கிறார். யார் தெரியுமா? இஸ்ரேல் பிரதமர் பென்குரியன்! 1957-ல் எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

முதுகு வலியோடு வந்த அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் மோஷே பெல்டன்கிரைஸ் (1904—1984). வைத்தியர் அல்ல, விஞ்ஞானி, ஜூடோ வீரர்.

கத்தி வேண்டாம்!

இளமையில் கால்பந்து ஆடியபோது அவருடைய முழங்காலில் அடிபட்டது. பின்னாளில் நடக்கவே முடியாத நிலை. ஆபரேஷன் செய்தாலும் குணமாவது பாதிக்குப் பாதிதான் என்றார்கள் டாக்டர்கள். அவர் மறுத்துவிட்டார்.

உடற்கூறு புத்தகங்களைப் புரட்டினார். படுப்பது, திரும்புவது, எழுவது, கால் ஊன்றுவது எல்லாவற்றையும் மெதுவாகச் செய்து கவனித்தார். முட்டி மட்டும் குற்றவாளி அல்ல. இடுப்பும் முதுகும் சும்மா இருந்தால் பாரம் எல்லாம் முட்டி தலையில் விழுகிறது என்று கண்டுகொண்டார். முட்டி புதுசாகிவிடவில்லை, நடைதான் மாறியது.

பல்லைக் கடிக்காதே!

பிறகு அதையே பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். தரையில் படுக்கணும், மெல்ல அசையணும், வலிக்கும் முன்னே நிறுத்தணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு செய்தால் பழைய பழக்கம்தான் பலப்படும் என்பது அவர் கட்சி.

எல்லா முட்டிக்கும் இது மருந்தாகாது. ஆனாலும், நாள் பூரா நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்திருக்கும்போது பாரம் எங்கே விழுதுன்னு ஒரு தடவை கவனிக்கலாமே? காசா, பணமா!