தொப்பிக்கு வாங்கிய வேதநூல்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலிற் கலக்கும் இடத்தில், கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. அதன் கரையிலுள்ள ஊர் மூதூர். வயலும் கடலுமாக வாழும் மக்களின் ஊர் அது. அங்கே 1893ஆம் ஆண்டில் ஒரு கல் நாட்டப்பெற்றது. ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவர் அவ்விடத்து மரத்தடியிற் சிறைப்பட்ட செய்தியைச் சொல்லும் கல் அது. அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் என்பானை இலங்கை வரலாறு கற்போர் அனைவரும் அறிவர். கண்டி இராச்சியத்தைப் பற்றி அவன் எழுதிய நூலுக்காகவே அவன் நினைக்கப்படுகிறான். அந்நூலை எழுதுமுன் பத்தொன்பதரை ஆண்டு அவன் எவ்வாறு மனங்குலையாது வாழ்ந்தான் என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

துன்பக் காலத்தில் கிறித்தவன் ஒருவன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது பற்றி இரண்டு பிழையான எண்ணங்கள் நெடுங்காலமாக உலவி வருகின்றன. எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று கைகட்டியிருத்தலே பக்தி என்பர் சிலர். மெய்ப்பக்தனுக்குக் கண்ணீரும் ஐயமும் வாரா என்பர் வேறு சிலர். பின்னையோர் கூற்று யோபின் வரலாற்றை அறிந்தாரிடம் செல்லாது. வேதநூல் நீதிமான் என்று போற்றும் அந்த யோபு தாம் பிறந்த நாளையே சபித்தவர். முன்னையோர் கூற்றுக்கு விடை காணக் கொட்டியாரக் கரைக்கே போதல் நன்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆன்' என்னும் கப்பல் 1658ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. கப்பல் தலைவரின் பெயரும் றொபேட் நொக்ஸ். மகன் அவருடன் வந்தான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலிற் புயல் அடித்தது. கப்பல் கவிழாதிருக்கப் பெரிய பாய்மரத்தை வெட்டித் தள்ளவேண்டியதாயிற்று. புதுமரம் நாட்டிக்கொள்ளவும் கொண்டுவந்த துணியை விற்கவும் கப்பல் கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. அந்நாளிற் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். தன் கரையில் நங்கூரமிட்டவர்கள் தனக்கு மடலும் கையுறையும் விடுத்து வணங்கவில்லை என்பதே மன்னன் சினத்துக்குக் காரணம் என்று நொக்ஸ் பின்னாளிற் கருதினான். 1660 ஏப்ரலில் மன்னனின் திசாவை ஒருவன் படையுடன் வந்தான். கடலோரப் புளியமரத்தடியில் ஐயமின்றி அமர்ந்திருந்த கப்பல் தலைவரை வீரர் சூழ்ந்துகொண்டனர். பிடிபட்டோர் எல்லாமாக 16 பேர். அப்போது மகனுக்கு வயது 19.

கப்பலையும் கைப்பற்ற விரும்பிய திசாவை, தலைவரின் கட்டளையை எடுத்துச் செல்ல மகனைக் கப்பலுக்குப் போகவிட்டான். தம்மை அந்நிலையிற் கைவிடாது திரும்பி வருமாறு தந்தை மகனிடம் ஆணையிட்டுச் சொல்லியிருந்தார். இளைஞன் கப்பலேறினான், அங்கிருந்தோரை எச்சரித்தான். அவனைச் சுற்றிலும் தன் நாட்டார், கீழே ஆழ்கடல், தடுத்து நிறுத்தவோ பிடித்திழுக்கவோ யாருமில்லை. ஆயினும் படகேறித் தந்தையிடமே திரும்பினான். கப்பல் சில நாள் காத்திருந்து போய்விட்டது. அப்படகுப் பயணத்துக்கு அவன் கொடுத்த விலை பத்தொன்பதரை ஆண்டு. பக்தி என்பது கண்ணை மூடியிருக்கும்போது மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேடவேண்டியதில்லை.

அவ்வாண்டு செப்தெம்பரிற் சிறைப்பட்டோர் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். விலங்கு இல்லை, சிறைக்கூடமும் இல்லை. அவர்களுக்கு உணவளிக்கும்படி ஊராருக்கு அரச கட்டளை இருந்தது. அவர்களை மதம் மாறும்படி மன்னன் வற்புறுத்தவுமில்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியேற வழியும் இல்லை. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் சிற்றூரில் விடப்பட்டனர். மலேரியா போன்ற முறைக்காய்ச்சல் இருவரையும் பற்றிக்கொண்டது. தந்தை மூன்று மாதம் பாயிற் கிடந்தார். மகனை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தோமே என்ற துயரம் காய்ச்சலினும் கூடுதலாக அவரை வாட்டிற்று. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

அடக்கம் செய்ய மகனுக்கு வலுவில்லை. எழுந்து நிற்பதே அரிதாயிருந்தது. அவர்களுடன் ஏவல் செய்ய ஒரு சிறுவன் இருந்தான். பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பல் தலைவர் அழைத்து வந்தவன் அவன். ஊராரிடம் உதவி கேட்டுவர நொக்ஸ் அவனை அனுப்பினான். அவர்கள் கொடுத்தது மாடு கட்டும் கயிறு ஒன்று. பிணத்தின் கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போகலாம் என்பது அவர்கள் கருத்து. அதைக் கொடுமை என்று மட்டும் கொள்ளுதல் நேரிதன்று. அயலான் பிணத்தைத் தொடுவதிலுள்ள அச்சமும் அதிற் கலந்திருக்கக்கூடும். நொக்ஸ் கயிற்றை ஏற்கவில்லை. கூலிக்கு ஒருவனை அமர்த்தி, தந்தையின் உடலைத் தூக்கிச் சென்று தன் கண்முன் நல்லடக்கம் செய்வித்தான். பின்னர் குடிசைக்குத் திரும்பிக் காய்ச்சலிற் கிடந்தான். அந்நாளில் அவன் அழுதான் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவனும் அதை மறைக்கவில்லை.

கையில் எஞ்சியவை இரண்டு பக்தி நூல்கள். ஒன்று லூயிஸ் பெய்லி என்பார் எழுதியது. மற்றது றொஜர்ஸ் என்பாருடையது. காய்ச்சல் வாராத நாள்களில் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு வயலோரம் போய் மரநிழலில் அமர்வான். மாலைவரை படிப்பதும் சிந்திப்பதுமாக இருப்பான். திரும்பத் திரும்பப் படித்ததில் இரண்டும் ஏறக்குறைய மனப்பாடமாயின. மூலநூலாகிய வேதாகமமோ கையில் இல்லை.

ஒருநாள் ஓடையில் அவன் தூண்டில் போட்டிருந்தபோது அவ்வழியே ஒரு முதியவர் வந்தார். நொக்ஸுக்கு நூல் வாசிக்கத் தெரியுமா என்று சிறுவனை வினவினார். 1656இல் போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த வேளையில் அவருக்கு ஒரு நூல் கிடைத்திருந்தது. நொக்ஸ் அதை வாங்கிப் பிரித்தான். அது ஆங்கில வேதாகமம். அவன் கண்ணிற் பட்ட பகுதி, பிலிப்பி நகரச் சிறைக்காவலன் பவுலடிகளிடம் மீட்புக்கு வழி கேட்கும் இடம். சிறைப்பட்டவன் ஒருவன் கண்டித் தேசத்து ஓடைக்கரையிற் சிறைச்சாலைக் கதையைத் தன் தாய்மொழியிற் படித்தான். தூண்டிலை எறிந்துவிட்டான். மகிழ்ச்சி ஒருபுறம், வாங்க முடியாது போய்விடுமோ என்னும் நடுக்கம் மறுபுறம். அவனிடம் இருந்தது ஒரேயொரு வராகன். அதையும் கொடுத்துவிட அவன் துணிந்தபோது, சிறுவனே குறுக்கிட்டான். அவ்வளவு ஆசையை வெளிக்காட்டலாகாது என்றும், குறைந்த விலைக்கு முடிக்கலாம் என்றும் சொன்னான். அவன் சொன்னபடியே ஆயிற்று. பின்னல் தொப்பி ஒன்றுக்கு வேதநூல் கைமாறியது.

இதை அற்புதம் என்று நொக்ஸ் நம்பினான். நம்புவது அவன் உரிமை. ஆனால் அற்புதம் கண்டவன் அதன்பின் என்ன செய்தான் என்பதே அறியவேண்டுவது. அவன் தொப்பி பின்னினான். பருத்தி நூலிற் பின்னி விற்றுப் பிழைத்தான். பின்னுவோர் பெருகி விலை சரிந்தபோது ஊரூராகச் சிறுபண்டம் சுமந்து விற்றான். பன்றியும் கோழியும் வளர்த்தான். நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினான். அந்நாட்டு வழக்கம் அதுவே எனினும், வட்டியைப் பற்றி வேதநூல் சொல்வதை அவன் அங்கே அவ்வளவு ஊன்றிப் படிக்கவில்லை போலும்!

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய மடல் ஒன்று வேதாகமத்தில் உண்டு. அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், மணம் செய்துகொள்ளுங்கள், அந்நகரின் நலனுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. விரைவில் விடுதலை என்று பொய்யுறுதி தந்தோரை அம்மடல் கடிந்துரைக்கிறது. என்றேனும் விடுதலை உண்டு என்பதையும் விட்டுவிடவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சிற் கொள்ளுதல் எளிதன்று. கொட்டியாரக் கரை மக்களுக்கு இது ஏட்டளவான செய்தியன்று. 2004 திசெம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை, மூதூரிலும் கிண்ணியாவிலும் கடல் ஏறி வந்தது. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 2006 ஓகஸ்தில், போர் மூண்டு மூதூரார் பல்லாயிரவர் ஊரை விட்டு ஓடினர். திரும்பும் நாள் அறியாதவர்கள் கூடாரத்தருகே அடுப்பு மூட்டவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் வேண்டியிருந்தது. அடுப்பு மூட்டியதால் அவர்கள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று யார் சொல்வார்?

நொக்ஸும் கண்டிக்கு அருகே எலதெத்த என்னும் இடத்தில் நிலம் வாங்கினான், வீடு கட்டினான், மரம் நட்டான். மடலின் ஒரு பகுதியை மட்டும் அவன் கைக்கொள்ளவில்லை. மனைவியும் மக்களும் வந்தால் புறப்படும் கால் தளரும் என்று எண்ணி, உடனிருந்த ஆங்கிலேயர் மூவரும் அவனும் மணமின்றி வாழ முடிவு செய்தனர். காலப்போக்கில் இருவர் விடுதலை நம்பிக்கை இழந்து மணம் செய்துகொண்டனர். அவர்களைக் குறை சொல்லுதற்கில்லை. எஞ்சியவன் ஸ்டீபன் ரட்லண்ட். அவனும் நொக்ஸும் பண்டம் விற்கும் சாக்கில் ஆண்டுதோறும் வடக்கே போய் வந்தனர். எந்த ஊரிற் காவல் உண்டு, எந்தக் குளத்தில் நீர் உண்டு என்று கேட்டறிந்தனர். வறட்சியால் முயற்சி தடைப்பட்ட ஆண்டுகளும் இருந்தன. அப்போதெல்லாம் வீட்டுக்குத் திரும்பி மீண்டும் பின்னல் வேலையில் அமர்ந்தனர். வேண்டுதல் செய்தவன் வழியையும் விசாரித்தான். வழி அடைபட்டபோது வேண்டுதலைக் கைவிடவில்லை. அவனுடைய சமநிலை இதுவே.

1679 செப்தெம்பர் 22ஆம் நாள் இருவரும் இறுதியாகப் புறப்பட்டனர். அநுராதபுரத்தைக் கடந்து, யானையும் முதலையும் திரியும் காட்டுவழியே, அருவியாறு என்று தமிழர் வழங்கும் மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு நடந்தனர். ஒக்தோபர் 18, சனிக்கிழமை மாலை, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். மறு ஆண்டு நொக்ஸ் இங்கிலாந்து சேர்ந்தான். 1681இல் அவன் நூல் வெளிவந்தது. தன்னைச் சிறைவைத்த நாட்டாரின் வேளாண்மை, உணவு, சட்டம், சமயம் அனைத்தையும் குற்றம் கண்டவிடத்துக் குற்றமாகவும் நலம் கண்டவிடத்து நலமாகவும் அது விரித்துரைக்கிறது. 1720இல் இலண்டனில் அவன் இறந்தான்.

கதையை இவ்விடத்தில் நிறுத்தினால் கேட்போருக்கு இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு அவ்வாறு நிற்கவில்லை. விடுதலை பெற்ற நொக்ஸ் கம்பெனிக் கப்பலொன்றின் தலைவனானான். 1684இல் மடகாஸ்கருக்குப் புறப்பட்டான். அங்கே அடிமைகளை வாங்கிச் சென் எலேனாத் தீவுக்குக் கொண்டுபோவதே பயணத்தின் நோக்கம். தன் நாட்டினின்றும் தந்தையினின்றும் பிரிக்கப்பட்ட துயரைப் பக்கம் பக்கமாக எழுதியவன், பிறரை அவ்வாறே பிரித்துக் கப்பலேற்றத் துணிந்தான். தன் துன்பத்திற் பழுதுபடாத நம்பிக்கை, பிறர் துன்பத்தின் முன்னே பார்வை மங்கிப் போயிற்று. அவன் பொறுமையைப் போற்றும் கிறித்தவர்கள் இதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

அந்த மங்கலின் தொடக்கம் முதற் சில பக்கங்களிலேயே தெரிகிறது. பிடிபட்டபின் பரங்கிப்பேட்டைச் சிறுவன் ஏவலுக்குப் பணிய மறுத்தான் என்று நொக்ஸ் குறைப்படுகிறான். தன் நிறத்தாரின் கையில் தன் எசமானர் சிறைப்பட்டதைக் கண்டு அவன் துணிவுற்றான் என்பது நொக்ஸின் விளக்கம். அச்சிறுவனும் தன் கரையிலிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்டவன்தான். அவனும் தாய் தந்தையை விட்டு வந்தவன்தான். கப்பல் திரும்பிப் போனபோது அவனுக்கும் ஊர் இல்லாது போயிற்று. ஊராரிடம் உதவி கேட்கப் போனவன் அவன். வேதநூலை ஒரு தொப்பிக்குப் பேசி முடித்தவனும் அவன். அவ்வளவும் எழுதிய நொக்ஸின் நூலில் அவன் பையன் என்றே வருகிறான், பெயர் இல்லை.