கோழித் தீவனத்தில் மருந்துக்கு மாற்று

கிள்ளான் சந்தையிலாயினும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலாயினும், எளிய குடும்பத்தினரும் வாங்கக்கூடிய இறைச்சி கோழியே ஆகும். இறைச்சிக் கோழி ஏறத்தாழ 35 முதல் 42 நாட்களுக்குள் இரண்டு கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. நல்ல இனமும் சத்துள்ள தீவனமும் இதற்கு முதற் காரணங்கள். இவற்றுடன் பல்லாண்டுக் காலம் ஆண்டிபயாட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்திருந்தது.

1940களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் எஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் விரைந்து வளரக் கண்டனர். அதன்பின், நோயற்ற கோழிகளுக்கும் தீவனத்தில் சிற்றளவு மருந்து கலக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது.

இதனால் விளையும் தீங்கு யாது? சிற்றளவு மருந்து எல்லாக் கிருமிகளையும் அழிப்பதில்லை. எளியவை மடிய, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. பச்சை இறைச்சி, எச்சம், நீர் ஆகியவற்றின் வாயிலாக அவை மனிதரை அடையக்கூடும். அப்போது நம் பிள்ளைக்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் மருந்தே பயனற்றுப் போகலாம். கொலிஸ்டின், பிற மருந்துகள் கைவிட்ட நிலையில் மருத்துவர்கள் நாடும் மருந்துகளுள் ஒன்று. அதனை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை 2015இல் சீன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரியிலேயே தடுத்துவிட்டது. நம் நாட்டில் உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது.

இனி, மாற்று வழிகளைக் காண்போம். தோட்டத்தில் மர வரிசைகளுக்கிடையே பயற்றங்கொடி படர்ந்துவிட்டால் களை தலையெடுக்க இடமில்லை அன்றோ? கோழியின் குடலிலும் அவ்வாறே. நல்ல கிருமிகள் முந்திக்கொண்டால் தீயவை நிலைபெறுவது அரிது. வளர்ந்த கோழியின் குடற்கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மொனெல்லாவைத் தடுக்கலாம் என 1973இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தார் 1990களில், கோழிக் குடலிலிருந்தே எடுத்த லேக்டோபேசிலஸ் கிருமிகளைத் தீவனத்தில் சேர்த்து ஆராய்ந்தனர். பின்னர், மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துச் செய்யும் தாப்பாய் போன்ற உள்ளூர் உணவுகளில் வாழும் நற்கிருமிகள் சுரக்கும் பொருள்களையும் சோதித்தனர்.

அங்கக அமிலங்கள் தீவனத்திலும் இரைப்பையிலும் புளிப்பைக் கூட்டித் தீய கிருமிகளை அடக்குகின்றன. பூண்டு, மஞ்சள் போன்றவற்றின் சாரங்களும் பயன்படுகின்றன. ஆயினும், இவற்றின் பலன் அளவுக்கும் பண்ணையின் நிலைக்கும் ஏற்ப மாறுபடும். தூய கொட்டகை, காற்றோட்டம், உரிய தடுப்பூசி ஆகியவை இல்லாவிடில் எந்தச் சேர்மானமும் கைகொடுக்காது. நோயுற்ற கோழிக்கு மருத்துவம் மறுப்பதும் முறையன்று. அதனைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டில் எஞ்சிய மாத்திரைகளைக் கம்பத்துக் கோழிகளுக்குக் கரைத்துக் கொடுத்தல் கூடாது. மருந்து கொடுத்த கோழியை, மருத்துவர் குறித்த நாட்கள் கழியும் முன் அறுத்தலும் ஆகாது. பச்சைக் கோழியை வெட்டிய பலகையில் காய்கறி நறுக்காதீர். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவீர். மஞ்சள் தடவினால் மட்டும் கிருமி சாவதில்லை; உள்ளெலும்பு வரை வெந்த இறைச்சியே பாதுகாப்பானது. மருந்தின் வலிமையைக் காப்பது பண்ணையாளர் கடமை மட்டுமன்று. நம் இல்லங்களின் கடமையுமாகும்.