வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறக்கத் தெரிந்த கை

பழைய வால்வு கிதார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வீட்டில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது; ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் மட்டும் வருகிறது. மதுரைப் பக்கத்துச் சமயநல்லூரில் இருப்பவர் இதை யாரிடம் கொண்டுபோவார்? செல்போன் கடையில் கைவிரித்துவிடுவார்கள். இளவயது டி.வி. மெக்கானிக் வால்வைக் கண்ணால் பார்த்திருப்பதே அரிது. இசைக்கருவிக் கடைக்காரர் சென்னைக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய இடம் மைக்செட் கடை. கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய தலைமுறையிடம்தான் நம் பக்கத்தில் இந்த வேலை தங்கியிருக்கிறது.

கிதார் ஆம்புக்கும் மைக்செட்டுக்கும் பழைய உறவு உண்டு. மின் கிதார் உலகின் பெரும் புள்ளிகளில் ஒருவரான லியோ ஃபெண்டர், 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி செய்து வாடகைக்கு விட்ட அவரும் ஒரு மைக்செட்காரர்தான். அவருடைய 'பேஸ்மேன்' ஆம்பின் சர்க்யூட்டை ஒட்டியே 1962 வாக்கில் லண்டனில் முதல் மார்ஷல் ஆம்ப் உருவானது. அதைச் செய்தவர்களில் ஒருவர் கென் பிரான், ஜிம் மார்ஷல் கடையின் ரிப்பேர்க்காரர். நம் நாட்டில் 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பழைய மேடை ஆம்ப்களிலும் வேலை செய்தவை வால்வுகளே. வால்வுகளைப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தயாரித்தது.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழல். உள்ளே, பெரும்பாலும் 6.3 வோல்ட்டில் எரியும் ஹீட்டர் கேத்தோடைச் சூடாக்க, அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் ஏற்றிய பிளேட் அவற்றை இழுக்கிறது. நடுவே நிற்கும் கம்பிச்சுருள் கிரிட். 1906இல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் இதைச் சேர்த்த பிறகுதான் ஒலியைப் பெருக்கும் வழி திறந்தது. பெரியாறு கால்வாயில் மடைப்பலகையைக் கொஞ்சம் தூக்கினாலே வயலுக்குப் பாயும் தண்ணீர் கூடிவிடும் அல்லவா? அப்படித்தான் கிரிட்டுக்கு வரும் கிதாரின் மெல்லிய மின்னசைவு, பிளேட்டுக்கு ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது.

12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள் இதை முதலில் செய்கின்றன. பிறகு ஈஎல்34, 6எல்6 போன்ற பவர் வால்வுகள் பெரும்பாலும் ஜோடியாக வேலை செய்து வலுவைக் கூட்டுகின்றன. கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வலுவை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. தெருத்தெருவாக ஒயர் இழுக்கும் மைக்செட் ஆம்பில் 100 வோல்ட் லைன் இருக்கும். கிதார் ஆம்பில் 8 அல்லது 16 ஓம் ஸ்பீக்கர். மற்றபடி ஒன்றைத் திறந்து பார்த்தவருக்கு மற்றது புதிராக இருக்காது.

முதலில் கெடுவது பெரும்பாலும் வால்வு அல்ல, கண்டன்சர். கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பில்டர் கண்டன்சரின் உள்ளே இருக்கும் ஈரப்பதமான ரசாயனம் வருடக்கணக்கில் உலர்கிறது. வால்வின் சூடும் மதுரை வெயிலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அப்போதுதான் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து, 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாக ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டு வால்வுகளுக்கு நடுவில் உள்ள கப்ளிங் கண்டன்சர் கசிந்தால் ஆபத்து அதிகம். கிரிட்டுக்குப் போகக்கூடாத வோல்டேஜ் போய், பவர் வால்வின் பிளேட் செக்கச்செவேலென்று பழுத்துவிடும். கரகரப்பு மட்டும் என்றால் வால்வு சாக்கெட்டையும் வால்யூம் கன்ட்ரோலையும் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

இவற்றைப் படித்துவிட்டு யாரும் தாமே மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சரில் 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். அது உயிரை எடுக்கும். தெரிந்தவர் முதலில் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்து அதை வடித்துவிட்டு, மீட்டரால் சரிபார்த்த பிறகே கை வைப்பார்.

ஆளைத் தேர்ந்தெடுக்கச் சில கேள்விகள் போதும். பல நாள் கிடந்த ஆம்பை நேராகக் கரண்டில் சொருகுகிறாரா, சீரிஸ் பல்பு வழியாகப் போடுகிறாரா? உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆம்ப் தப்பிக்கும். பவர் வால்வை மாற்றியபின் அதன் கிரிட்டுக்கான பயஸ் வோல்டேஜை அளக்கிறாரா? கழற்றிய பார்ட்ஸைத் திருப்பித் தருவாரா? ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டினால் ஆளை மாற்றுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிவதற்கு அது ஒன்றே போதும். அதன் காயில் அடுக்கடுக்காகச் சுற்றப்படுவதால், மோட்டார் காயில் கட்டுபவர் எல்லாராலும் அதைத் திரும்பச் சுற்றிவிட முடியாது.

கண்டன்சர், ரெசிஸ்டன்ஸ் வாங்கச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. புது வால்வுகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் இன்றும் தயாராகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. இரண்டு பின் ஒயர் இருந்தால், எர்த்துடன் கூடிய மூன்று பின்னாக மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்றை ஆம்பை ஒப்படைக்கும்போதே பேசிவிட வேண்டும். மைக்செட்காரரின் காது, பேச்சும் பாட்டும் உடையாமல் கேட்கப் பழகியது. கிதார்காரர் வால்யூமை ஏற்றி வரவழைக்கும் அந்த உடைந்த, முறுக்கேறிய ஒலி அவருக்குப் பழுதாகத் தெரியும். நல்லெண்ணத்தில் சர்க்யூட்டையே மாற்றி அதைச் 'சரிசெய்து' விடுவார். ஆகவே கிதாரையும் கூடவே எடுத்துப் போங்கள். "அண்ணே, இந்த இரைச்சல் போகணும், உடையிற சத்தம் அப்படியே இருக்கணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே வாசித்துப் பார்த்து, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.