கீரி கடித்த கோழிக்கு முதலுதவி!

"கெக்... கெக்... கெக்கேக்!"

சனிக்கிழமை நண்பகல். புறவாசலில் ஒரே அலறல்! ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் இறகு. வேலிக்குள் ஒரு கீரிப்பிள்ளை நுழைந்து மறைகிறது. நேற்று வரை முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி, முதுகில் ரத்தத்தோடு ஆட்டுரலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூராக இருந்தாலும் சரி, உங்கள் ஊராக இருந்தாலும் சரி, கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் இப்படி நடக்கலாம். "இது பிழைக்காது, குழம்பு வைத்துவிடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லவும் கூடும். கொஞ்சம் பொறுங்கள் குட்டி நண்பர்களே! சரியாகக் கவனித்தால் காயம்பட்ட கோழி பிழைத்து, மறுபடி முட்டையிட வாய்ப்பு உண்டு. அதற்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

பழைய பகை!

கோழிக்கு வரும் ஆபத்து புதிதல்ல. குறுந்தொகையின் 139-ஆவது பாடலில், மாலை நேரத்தில் வேலியோரம் வரும் காட்டுப்பூனையைக் கண்டு, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் புலவர். சங்க காலத்திலும் இதே கவலைதான்! நாய், பூனை, கீரி, மரநாய், பருந்து என்று எதிரிகள் இன்றும் ஏராளம்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

* பெரியவர் ஒருவரை உடனே கூப்பிடுங்கள். கீரியையோ நாயையோ நீங்கள் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம்.

* ஒரு பழைய துண்டைக் கோழியின் மேல் மெதுவாகப் போர்த்தித் தூக்குங்கள். கண் மறைந்தால் கோழி அமைதியாகிவிடும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்கு மூச்சு முட்டும்.

* ரத்தம் வழிந்தால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள்.

* ரத்தம் நின்றதும் காயத்தைக் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்தால் போதும். இறகுகளை விலக்கி, கழுத்து, முதுகு, இறக்கையின் அடிப்பகுதி எல்லாம் பாருங்கள். சிறிய பல் தடம் இறகுக்குள் ஒளிந்திருக்கும்!

* காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைக்கோலோ பழைய துணியோ விரித்து, சத்தமில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் தனியாக வையுங்கள்.

ஏன் தனியாக? மற்ற கோழிகள் ரத்தத்தைக் கண்டால் அந்த இடத்தையே கொத்தும். கீரியிடம் தப்பிய கோழி, கூட்டாளிகளிடம் சாகக் கூடாது அல்லவா?

நம் உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கோ ஏறக்குறைய 41 டிகிரி! ரத்தமும் இறகும் இழந்த கோழிக்குக் குளிர் எளிதில் தாக்கும். வெயில் காலத்துப் பகலில் நிழல் போதும். இரவிலும் மழைக் காலத்திலும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம்.

இதைச் செய்யாதீர்கள்!

* கோழியின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால், தெளிந்ததும் தானே குடிக்கும். பிறகு வேகவைத்த கம்பு, சோறு கொடுக்கலாம்.

* நாம் சாப்பிடும் வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள்.

* மஞ்சள் பூசியதோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே மஞ்சள் இருந்தாலும், பல் இறங்கிய குழிக்குள் கிருமி இருக்கும்.

பாஸ்டர் பெயரில் ஒரு கிருமி

பூனை, நாய் ஆகியவற்றின் வாயில் 'பாஸ்சுரெல்லா' என்ற பாக்டீரியா இருக்கும். 'கோழிக் காலரா' என்னும் நோயைத் தருவதும் இந்த இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாதான். 1880-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், இக்கிருமியை வலுவிழக்கச் செய்து கோழிகளுக்குத் தடுப்பூசியாகப் பயன்படுத்தும் வழியை அறிவித்தார். அவர் நினைவாகவே கிருமிக்கு இந்தப் பெயர்!

அதனால்தான் கடி சிறியது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. முதல் நாள் நடமாடிய கோழி, இரண்டு மூன்று நாளில் கிருமி பரவிச் செத்துவிடலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். தமிழகத்தில் கால்நடைகளுக்கான உதவி எண் 1962. நெல்லையை அடுத்த ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனை உண்டு. ஆழமான காயம், எலும்பு முறிவு, மூச்சுத் திணறல், காயத்தில் புழு இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கவே கூடாது. மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டையைச் சாப்பிடலாமா என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பாதுகாப்பு முக்கியம்! கோழியைத் தொடும்போது கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நாயோ பூனையோ கீரியோ உங்களைக் கடித்தாலும் பிறாண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்த பின் காப்பாற்றுவது மிக அரிது. உடனே போடும் தடுப்பூசியே உயிர் காக்கும். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்கவே கூடாது!

மறுபடி கூட்டத்தில்...

காயம் ஆறியதும் கோழியைச் சட்டென்று மற்றவற்றோடு விட்டுவிடாதீர்கள். கோழிகளிடம் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறு வயது முதலே கோழிகளைக் கூர்ந்து கவனித்து வந்த நார்வே நாட்டவர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே, 1921-இல் இதை எழுதி வெளியிட்டார். சில நாள் காணாமல் போன கோழிக்கு அந்த வரிசையில் பழைய இடம் கிடைக்காமல் போகலாம். முதலில் பஞ்சாரத்துக்குள் வைத்து, மற்றவை பார்க்கும்படி இரண்டு மூன்று நாள் பழக்குங்கள். பிறகு திறந்து விட்டு, கொஞ்ச நேரம் கூடவே இருந்து பாருங்கள்.

கீரி குற்றவாளியா?

இல்லை! அது தன் பசிக்கு இரை தேடியது. எலியையும் பாம்பையும் பிடிப்பதும் அதே கீரிதான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வது குற்றம். நாம் சரிசெய்ய வேண்டியது கூட்டை!

கீரி பகலில் வரும். காட்டுப்பூனையும் மரநாயும் அந்தியிலும் இரவிலும் வரும். எனவே வேலியோரப் புதரை வெட்டுங்கள். கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்து, அதை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் புதையுங்கள். அப்போது தோண்டி நுழைய முடியாது. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் பொழுது சாயும்போது தானாகவே கூடு திரும்பிவிடும்.

எண்ணிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போடும் வேலையை இன்று மாலை முதல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன்!