காதி மீது எழுதிய கடிதம் எங்கே போயிற்று?

தாபரிப்பு வழக்கில் காதி ஒருவர் காசு கேட்டதாக எங்கள் சோனகத் தெரு அயலிலுள்ள சகோதரி ஒருவர் சொன்னார். "சேர், ஒரு கடிதம் எழுதித் தாங்கோ." எழுதினேன். எட்டு மாதமாயிற்று, பதிலில்லை.

பிழை என் பக்கமும் உண்டு. காதிகளை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் உறுப்பினர்கள். அங்கு மட்டுமே அனுப்பினேன். அது ஒழுக்காற்று வழி. இலஞ்சமோ குற்றம். கொடுப்பது மட்டுமல்ல, கேட்பதே குற்றம். அதைப் புலனாய்ந்து வழக்குத் தொடுப்பது இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. இன்று 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இயங்குகிறது. தொலைபேசி 1954. (முதல் இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே.) காசு கைமாறுமுன் அறிவித்தால்தான் கையும் களவுமாகப் பிடிக்கலாம், பிறகென்றால் சாட்சி தேடி அலைய வேண்டும்.

கடிதம் என்ன ஆனதென்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலைநாட்களுக்குள் தருவதா, மறுப்பதா என்றாவது சொல்லியாக வேண்டும். விசாரணை விபரத்தை மறுக்கலாம். ஆனாலும் கடிதம் கிடைத்த திகதியைக் கேட்டுவைப்பது நல்லது.

சகோதரியின் வழக்கு இன்னும் அதே காதியிடந்தான். அடுத்த தவணைக்கு முன் இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுகிறோம்.